பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரே காட்சிதான். பள்ளி வாயிலில் ஒரு பதாகை. அதில் ஐந்தாறு மாணவர்களின் நிழற்படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு விழுக்காடு. புரோத்ராபூரும் இதற்கு விலக்கன்று. இம்மகிழ்ச்சியை நாம் குறைகூற வரவில்லை. தொண்ணூற்றைந்து விழுக்காடு பெற உழைத்த பிள்ளையை ஊரார் அறியத்தான் வேண்டும். ஆயினும் அப்பதாகையில் இடம்பெறாத ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். அதே வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டே, பாட்டையோ ஓவியத்தையோ மிருதங்கத்தையோ கைவிடாமல் காத்து வரும் மாணவர் அவர். அவருடைய கலைக்கு நாம் தரும் மதிப்பு பெரும்பாலும் ஆண்டுவிழா மேடையில் ஒரு சால்வை, ஒரு கேடயம், ஒரு கைதட்டல் என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

மதிப்பெண்ணைக் கொண்டாடுவதிலேயே அண்மை ஆண்டுகளில் ஒரு நிதானம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் மாநில அளவிலான முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியல் அறிவிக்கப்படுவதில்லை. நம் தீவுப் பள்ளிகள் இணைந்துள்ள மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் 2023இல் தகுதிப் பட்டியல் வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. பாடவாரியாக மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற 0.1 விழுக்காட்டு மாணவர்களுக்குச் சான்றிதழ் மட்டும் வழங்குவதாகக் கூறியது. பதாகை அச்சிடுவோர் மட்டும் இந்த மாற்றத்தை இன்னும் அறியவில்லை போலும்.

வங்கியில் பணிபுரியும் எம்மைப் போன்றோருக்குக் கல்வியாளரின் பார்வை இல்லை. நாம் வணிகவியல் படித்தவர்கள். எந்தத் திட்டத்தைக் கண்டாலும் பணம் எப்போது வருகிறது, எதுவரை வருகிறது, எப்போது நிற்கிறது என்றே எம் கண் தேடும். அந்தப் பழக்கத்தோடு மாணவர்களுக்கான உதவித்தொகைகளை வயது வாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. படிப்புத் திறமைக்கு உயர்நிலைப் பள்ளி ஆண்டுகளைக் கடக்க ஒரு பாலம் இருக்கிறது. கலைத் திறமைக்கு அதே இடத்தில் பாலம் இல்லை.

படிப்புக்குள்ள பாலத்தை முதலில் பார்ப்போம். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மேற்படக் கூடாது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் புதிய உதவித்தொகைகள் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 அவருடைய வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. மாதம் ஆயிரம் ரூபாய். பெரிய தொகை அன்று. ஆனால் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்று ஒரு வீடு யோசிக்கும் அந்த நான்கு ஆண்டுகளிலும் அது தவறாமல் வருகிறது. இத்திட்டத்தை வகுத்தவர்கள், பிள்ளைகள் எந்த வகுப்பில் படிப்பை விட்டு நழுவுகிறார்கள் என்பதை அறிந்து, சரியாக அந்த இடத்தில் கை கொடுத்திருக்கிறார்கள். அறிவியலில் ஒரு புதிய எண்ணத்தைக் கொண்டுவரும் மாணவருக்கும் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தின்கீழ் ரூ.10,000 கிடைக்கிறது.

இனிக் கலைக்கு வருவோம். புதுதில்லியில் உள்ள பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், சி.சி.ஆர்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, இளம் கலைத் திறமையாளருக்கு 1982 முதல் உதவித்தொகை வழங்கி வருகிறது. இசை, நடனம், நாடகம், ஓவியம், சிற்பம், கைவினை அனைத்தும் அதில் அடங்கும். நல்ல திட்டம்; ஒருமுறை தேர்வானவர் பட்டப்படிப்பு வரைகூடப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் விண்ணப்பிக்கும் வயது 10 முதல் 14 வரை. அடுத்த கதவு மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் ரூ.5,000 வீதம் இரண்டு ஆண்டுகள். அதற்கு வயது 18 முதல் 25 வரை. பதினான்கு முடிவதற்குள் கண்டறியப்படாத பிள்ளை பதினெட்டு வரை காத்திருக்க வேண்டும். பிரதமரின் தேசியக் குழந்தைகள் விருது 5 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு உரியது. கலை, பண்பாடு அதில் ஒரு பிரிவு. எனினும் 2024 டிசம்பரில் அவ்விருதைப் பெற்றோர் எல்லாத் துறைகளையும் சேர்த்து 17 பேர். அது சிகரம், பாலம் ஆகாது.

உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கென்றே அமைந்த ஒரு மேடையும் இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘கலா உத்சவ்’ 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்போருக்கானது. பள்ளியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் சென்று தேசிய அளவில் முடிகிறது. அந்தமான் நிக்கோபார் உட்பட எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் அதில் இடமுண்டு. வாய்ப்பாட்டு, கருவியிசை, நடனம், நாடகம், ஓவியம் இவற்றுடன் மரபுவழிக் கதைசொல்லலும் அண்மையில் ஒரு பிரிவாகச் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது. வெற்றி பெறுவோர் கலையரசன், கலையரசி என்ற பட்டம் பெறுகின்றனர். இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை திருவிழாக்கள். திருவிழா முடிந்த மறுநாள் அந்த மாணவர் எந்த ஆசிரியரிடம், யார் செலவில் பயிற்சியைத் தொடர்வார் என்பது திருவிழாவின் பொறுப்பில் இல்லை.

இந்த இடைவெளி வேறு எந்த வயதில் அமைந்திருந்தாலும் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டோம். பதினான்காவது வயதில்தான் வீடுகளில் அந்தப் பேச்சு எழுகிறது. தொடர் வைப்புக் கணக்குத் தொடங்க வரும் பெற்றோரோடு இரண்டு நிமிடம் பேசினால் போதும். “இந்த வருசத்தோட டான்ஸ் கிளாஸை நிறுத்திட்டோம் சார், டியூசன் சேத்திருக்கோம்” என்பார்கள். அவர்கள் மீது தவறு காண இயலாது. மாதச் சம்பளத்தில் இரண்டு கட்டணம் தாங்காத வீடு, எதை விட்டால் எதிர்காலத்துக்குக் கேடில்லை என்று கணக்குப் போடுகிறது. கையில் உள்ள சான்றுகளை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். படிப்புக்கு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, அடுத்த படி எது என்று தெரிகிறது. நடனத்துக்கு அலமாரியில் ஒரு கேடயம் இருக்கிறது. கேடயத்தை நம்பி எந்தத் தந்தையும் முடிவெடுப்பதில்லை. அந்த முடிவை நான்கு ஆண்டுகள் தள்ளிப் போடத்தக்க ஏதேனும் ஒன்றைப் பெற்றோரின் கையில் கொடுப்பதுதான் கலைக்குச் செய்யும் பாராட்டின் உண்மையான பணி என்று கருதுகிறோம்.

கல்வியும் கலையும் ஒன்றையொன்று விழுங்கும் என்ற அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் நடுவிலோ பாடத்துக்கும் ‘பாடம் தவிர்த்த செயலுக்கும்’ நடுவிலோ கடுமையான பிரிவினை வேண்டாம் என்று கூறுகிறது. கொள்கை கூறுவதைக் காட்டிலும் எம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்ல விருப்பம். ‘ஒரு சிறு இசை’ என்ற சிறுகதைத் தொகுப்புக்காக 2016இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற வண்ணதாசன், பணி ஓய்வு பெறும்வரை வங்கி ஊழியர். 1946இல் பிறந்த அவர் எழுதத் தொடங்கியது 1962இல். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வயது. பேரேட்டைப் பார்த்த கைதான் கதையையும் எழுதியது. இரண்டில் எதுவும் மற்றதைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

தீவுகளில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு முகமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள 3.8 லட்சம் மக்களில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. அவற்றை அடுத்து நிக்கோபாரியும் மலையாளமும் வருகின்றன. சோட்டா நாகபுரியிலிருந்து வந்த ராஞ்சி மக்களும், மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன் மக்களும் இங்கு வாழ்கின்றனர். ஒரே வகுப்பறையில் ரவீந்திர சங்கீதம் பாடும் பிள்ளையும், கரகம் தூக்கும் பிள்ளையும், நிக்கோபாரிக் குழு நடனம் ஆடும் பிள்ளையும் அமர்ந்திருக்க வாய்ப்புள்ள இடம் நாட்டில் அதிகமில்லை. இச்செல்வத்தை அடைய வழியாக அமைவதோ கடல். சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாள். திக்லிபூரிலிருந்து ஒரு மாணவர் ஸ்ரீ விஜயபுரம், அதாவது நேற்றுவரை போர்ட் பிளேர் என்று நாம் சொல்லி வந்த நகரம், வர வேண்டுமாயின் 300 கிலோமீட்டருக்கும் மேல் சாலைப் பயணம். காம்ப்பெல் விரிகுடாப் பிள்ளைக்கோ 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். தலைநகரை ஒட்டிய புரோத்ராபூர் மாணவருக்குப் பேருந்துக் கட்டணத்தோடு முடிவது மற்றவருக்கு அவ்வாறு முடிவதில்லை. அதே புரோத்ராபூர் மாணவர் மேற்பயிற்சிக்கெனச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்ல நேர்ந்தால் அவரும் கடலோரத்தில் நின்றுவிடுகிறார். திறமையை அறிந்து பாராட்டும் எவரும் பயணச் செலவையும் பாராட்டின் பகுதியாக எண்ண வேண்டும்.

கலைத் திறமையை ஒரு மாநிலம் முழுவதும் முனைந்து கொண்டாடினால் என்ன நேரும் என்பதற்குக் கேரளம் நல்ல பாடம். அங்கே பள்ளிக் கலோத்சவம் 1957 முதல் நடைபெற்று வருகிறது. வெற்றி பெறும் மாவட்டத்துக்கு நூற்றுப் பதினேழரைப் பவுனில் தங்கக் கோப்பை. மாநில அளவில் உயர்தரம் பெறுவோருக்குத் தேர்வில் கருணை மதிப்பெண். கலையை மதிப்பெண்ணோடு இணைத்தவுடன் பெற்றோரின் கணக்கு மாறிவிட்டது. கலை வகுப்பை நிறுத்துவதற்கு அங்கே அவ்வளவு அவசரம் இல்லை. அதே இணைப்பு இன்னொன்றையும் கொண்டுவந்தது. உடைக்கும் ஒப்பனைக்கும் கடன் வாங்கும் குடும்பங்கள், நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள், நீதிமன்றம் வரை வழக்குகள். 1986இல் ஏற்படுத்திய கலாதிலகம், கலாப்ரதிபா என்ற தனிநபர் பட்டங்கள் போட்டியின் கடுமை தாங்காமல் பின்னர் கைவிடப்பட்டன. முதலிடம் இரண்டாமிடம் என்பதை விடுத்துத் தரம் வழங்கும் முறையும் வந்தது. மதிப்பெண்ணில் இடவரிசை வேண்டாம் என்று கல்வி வாரியங்கள் அறிந்துகொண்டதையே கலை மேடையும் தன் வழியில் அறிந்துகொண்டது.

கலோத்சவத்தைப் பற்றி இன்னொரு செய்தி மலையாளிகள் பலரும் சொல்லக் கேட்டிருக்கலாம். 1958ஆம் ஆண்டு விழாவில் பாட்டில் பரிசு பெற்றவர் கே.ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் பரிசு பெற்றவர் பி. ஜெயச்சந்திரன். ஒருவர் பாட மற்றவர் வாசிக்கும் அக்காலப் படம் இன்றும் உலவுகிறது. மிருதங்கத்துக்குப் பரிசு வாங்கியவர் பின்னாளில் புகழ் பெற்றதோ பாட்டில்! பதினான்கு வயதில் தரும் பரிசு, பிள்ளை எதுவாக ஆகப்போகிறது என்பதை அறிந்து தருவதன்று. அவர் கலையின் பக்கம் இன்னும் சில ஆண்டுகள் நிற்பதற்கு இடம் தருவது.

அந்த இடத்தை யார் தருவது? அரசு ஒரு திட்டம் வகுத்தால் நன்று. படிப்புக்கு 2008இல் செய்ததைக் கலைக்கும் செய்யலாம். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழருக்கு இது புதிய சிந்தனையும் அன்று. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமெனில் 96 ஆடுகளைக் கொடையாக விட்டார்கள். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். பிறப்பவை இறப்பவற்றை ஈடுசெய்வதால் எண்ணிக்கை குறையாது. ஆகவே கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. சாகாது, மூப்படையாது. முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் நிரந்தர வைப்புக்கு இதைவிட அழகான பெயரை எந்த வங்கியும் இதுவரை சூட்டவில்லை. நம் வங்கியும் இதில் அடக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் ஆடல் மகளிர் நானூற்றுவரைக் குடியமர்த்தியபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லையும் ஏற்பாடு செய்தான். மேடையில் ஒரு சால்வையோடு அவன் நிறுத்தவில்லை.

இன்றைய கணக்கில் இதைப் பார்ப்போம். வைப்புத்தொகைக்கு 6 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். வீதம் காலத்துக்குக் காலம் மாறும். இரண்டு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு ரூ.12,000 ஈட்டும். படிப்புக்கு அரசு தரும் உதவித்தொகை எவ்வளவோ அதே தொகை. ஒருமுறை இட்ட இரண்டு லட்சம் ஒரு மாணவரை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தாங்கும். அவர் பள்ளியை முடித்தபின் அடுத்தவரைத் தாங்கும். ஒரு சங்கமோ, கோயில் குழுவோ, வணிகர் கூட்டமைப்போ, பழைய மாணவர் மன்றமோ திரட்ட இயலாத தொகை என்று சொல்ல மாட்டோம். ஒரு விழாவின் ஒலிபெருக்கி, பந்தல், பதாகை, விருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்கள் எம்மோடு உடன்படுவார்கள். ஆண்டுதோறும் பத்து மாணவருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசு கொடுப்பதைக் காட்டிலும் ஒருவருக்கு நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கொடுப்பதே பயனுடையது என்பது எம் கருத்து. மேடையில் ஒன்பது கைதட்டல்கள் குறையும், குறையட்டும்.

தேர்வில் ஒரு நிபந்தனை வைக்கலாம்: பயிற்சி தொடர்கிறது என்று கலை ஆசிரியரும், வகுப்பில் தேர்ச்சி உண்டு என்று பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறை எழுதித் தர வேண்டும். தொண்ணூறு விழுக்காடு கேட்க வேண்டியதில்லை. கேட்டால் மீண்டும் பழைய பதாகைக்கே திரும்பிவிடுவோம்.

பெற்றோர் அடுத்துக் கேட்பது ஒன்றுண்டு: இதைப் படித்தால் கடன் கிடைக்குமா? கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் இசையிலோ கவின்கலையிலோ பட்டப்படிப்புக்கு முறையாகச் சேர்க்கை பெற்றவர் மற்ற மாணவரைப் போலவே கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 1919இல் சாந்திநிகேதனில் தோன்றிய கலாபவனமும், தமிழ்நாட்டின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரிகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் இல்லாமல் கடன் வழங்க மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் துணை நிற்கிறது. இச்செய்தி பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்து பயனில்லை. ஒன்பதாம் வகுப்பில் தெரிந்தால்தான் வீட்டில் கணக்கு மாறும்.

இறுதியாகப் பரிசு வழங்குவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மாணவரின் பெயரைக் காசோலையில் எழுதுமுன் அவருடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நம்மவர் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வரும். ஆதாரில் தந்தை பெயர் பின்னால் விரிந்து நிற்கும். பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவது ஒரு வடிவம் இருக்கும். மேடையில் கைதட்டலோடு பெற்ற காசோலை பெயர் பொருந்தாமல் திரும்புவதையும், திருத்தி வாங்குவதற்குள் மூன்று மாதக் கெடு முடிந்து செல்லாமற் போவதையும் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை ஏமாற்றத்தோடு திரும்பிச் செல்வதைப் பார்ப்பது எமக்கும் எளிதன்று. நேரடியாகக் கணக்கில் வரவு வைப்பதே நலம்.

கணக்கு இல்லாத மாணவருக்கு அதைத் தொடங்குவது இப்போது கடினமில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைப்படி, பத்து வயது நிறைந்த சிறார் அந்தந்த வங்கி வகுக்கும் வரம்புக்குள் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்கலாம். அதற்குக் குறைந்த வயதினருக்குக் காப்பாளர் வேண்டும். பதினெட்டு நிறைந்ததும் கிளைக்கு வந்து புதிய கையொப்பம் இட வேண்டும். அறக்கொடை வைப்பைச் சங்கத்தின் பெயரில், இரண்டு பொறுப்பாளர்கள் கூட்டாக இயக்கும் வகையில் வைப்பது நல்லது. பொறுப்பாளர் மாறும்போது தீர்மான நகலைக் கிளையில் தரத் தவறக் கூடாது. வட்டியை ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி திறக்கும் மாதத்தில், மாணவரின் கணக்குக்குத் தானாகச் செல்லும்படி நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிடலாம். ஒரு நிதியாண்டில் வங்கி வட்டி ரூ.50,000ஐத் தாண்டாதவரை மூலத்தில் வரிப் பிடித்தம் இராது. சங்கத்தின் நிரந்தரக் கணக்கு எண், பதிவுச் சான்று, தீர்மானம் ஆகிய மூன்றோடு வந்தால் போதும்; படிவங்களை நிரப்ப எம் கிளைகளில் உதவுவார்கள்.